சூப்பில் உப்பு கச்சிதம்

புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு அந்த நால்வரையும் யாரும் எதற்கும் பிடிக்க முடியாது. பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் யாருக்காவது பல் வலித்தால், இரண்டரை மணி வரை வலித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். லிஃப்ட் மெக்கானிக்கின் போன் அணைந்திருக்கும். வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் குறிக்கிறவர் பாதித் தெருவோடு நோட்டை மூடிவிடுவார். டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரோ, 'இன்னிக்குப் பார்க்கிங் பாடம்' என்று அறிவித்து, ஏதாவது ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தவைத்து, அங்கேயே இறங்கி, சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மாணவர் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். அது மாணவருக்கும் நல்லது, சாலையில் போகிறவர்களுக்கும் நல்லது.

பழக்கம் ஆரம்பித்தது ஆறு வருடங்களுக்கு முன்னால். டாக்டரம்மாவின் கிளினிக் இருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மூன்று பேர்: கிளினிக் திறக்கப் போன டாக்டரம்மா, மொட்டை மாடியில் மீட்டர் பார்க்கப் போனவர், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன வாத்தியார். முதல் அரைமணி நேரம் உயிரைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த ஒரு மணி நேரம் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்து, 'நல்லவேளை வந்தீங்க' என்று யாராவது கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்று எதிர்பார்த்து நின்றார். மூன்று பேரும் ஒரே குரலில், "பக்கத்துல நல்ல ஓட்டல் எது?" என்றார்கள். அவருக்கும் பசிதான். கூடவே வந்துவிட்டார்.

அந்த ஓட்டலில் மற்ற மூன்று பேரும் மெனு கார்டை இருபது நிமிடம் இழுபறி செய்ததைப் பொறுக்க முடியாமல், வாத்தியார் அதைப் பிடுங்கி, மூச்சு விடாமல் ஏழு அயிட்டம் சொன்னார். ஏழும் அமிர்தமாக இருந்தன. அன்றே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. எந்த ஓட்டல் என்பது மீட்டர்காரர் பொறுப்பு, ஏனென்றால் அவர் நடக்காத சந்து இல்லை. போன ஓட்டலுக்கு மறுபடி போகக் கூடாது. மெனு கார்டை வாத்தியாரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. முதல் கரண்டி அவருக்கு. அவர் கண்ணை மூடி, மூன்று எண்ணி, தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மற்ற கரண்டிகள் அசையும். மிச்சம் வைக்காமல் தட்டைக் காலி செய்வது மெக்கானிக்கின் இலாகா. இனிப்பு வந்தால் எல்லோருடைய பல்லையும் ஒரு பார்வை பார்த்து வயிற்றெரிச்சலைக் கிளப்புவது டாக்டரம்மாவின் இலாகா.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டுவதைத் தன் காலடியில் உள்ள பிரேக்கால் அடக்குவதே தொழிலாகிப் போன வாத்தியாருக்கு இந்த ஏற்பாடு உடம்புக்கு ரொம்பப் பொருந்தியது. ஒருமுறை, ஒரு குழம்பை நாக்கில் வைத்த மாத்திரத்தில், "இன்னிக்கு சமைச்சது வழக்கமான ஆள் இல்ல" என்றார். சமையல்காரர் லீவில் போயிருப்பதாக முதலாளியே வந்து ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து மெக்கானிக்குக்கு வாத்தியார் என்றால் பக்தி. "உங்க நாக்கைத் தனியா இன்ஷூர் பண்ணி வைங்க வாத்தியாரே" என்பார். தன் கண்ணால் பார்த்ததைக்கூட வாத்தியார் நாக்கால் சொன்னால்தான் நம்புவார் போல.

இப்படிப்பட்ட நாக்குதான் போய்விட்டது.

ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் தும்முகிற ஒரு மாணவரிடமிருந்து வாத்தியாருக்கு ஜலதோஷம் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரத்தில் ஜலதோஷம் விடைபெற்றுப் போனது, போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு எடுத்துக்கொண்டு. காபி வெந்நீராக இருந்தது. ஊறுகாய் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். சோப்பை முகர்ந்து பார்த்தார், கல். வெங்காயத்தைக் கடித்துப் பார்த்தார், கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. அதில் எவ்வளவு வெங்காயத்தினால் என்பது தெரியவில்லை.

வெளியே மூச்சுவிடவில்லை. ஆனால் நாலாவது நாள் இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, காயில உப்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கே."

"மூணு நாளா உப்பே போடல."

வாத்தியார் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"மொத நாள் மறந்துட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது நாள் வேணும்னேதான் போடல. இன்னிக்கு அடி பிடிக்கவும் விட்டேன், தட்டைத் தொடச்சு வச்சிருக்கீங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு வேளைகூட நீங்க குறை சொல்லாம எழுந்திருச்சதில்ல. உண்மையைச் சொல்லுங்க, வேற எங்கயாவது சாப்பிட்டுட்டு வரீங்களா?"

அந்தச் சந்தேகத்திலிருந்து தப்பிக்க வேறு வழியில்லாமல் வாத்தியார் நடந்ததைச் சொன்னார். மனைவி முதலில் பதறினாள். பிறகு அவள் முகத்தில், மறைக்கப் பார்த்தும் மறையாத ஒரு நிம்மதி படர்ந்தது. மறுநாளே அவரைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மூக்குக்குள் ஒரு விளக்கை விட்டுப் பார்த்தார். "நரம்பு மெதுவாத்தான் சரியாகும். ரெண்டு வாரமும் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம்" என்றார்.

"வராமலே போயிடுமா டாக்டர்?"

டாக்டர் சீட்டில் ஏதோ எழுத ஆரம்பித்தார்.

"உங்க புதன்கிழமை கோஷ்டிகிட்ட சொல்லிடுங்க" என்றாள் மனைவி, திரும்பி வரும்போது.

"சொன்னா?"

"சொன்னா என்ன, தலையையா சீவிடுவாங்க?"

தலையைச் சீவினால்கூடப் பரவாயில்லை என்று வாத்தியார் நினைத்தார். அவர் போட்ட கணக்கு வேறு. மீட்டர்காரர் ஓட்டல் கண்டுபிடிக்கிறார். டாக்டரம்மா வாயைத் திறந்தால் சிரிப்பு நிற்காது, நோயாளியின் வாயைத் திறந்தாலும் அப்படித்தானாம். மெக்கானிக் சும்மா வந்து உட்கார்ந்தாலே மேஜைக்கு ஒரு களை. இதில் தான் யார்? நாக்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மிஞ்சுவது எதற்கெடுத்தாலும் பிரேக் போடுகிற ஐம்பத்தோரு வயது ஆசாமி. அந்த ஆசாமிக்கு எதற்கு ஒரு நாற்காலி?

அதனால் ருசி தெரிகிற மாதிரியே அடித்து விடுவது என்று முடிவு செய்தார்.

முதல் புதன்கிழமை எல்லாம் சுலபமாகவே நடந்தது. ஓட்டலுக்குள் நுழையும்போதே பக்கத்து மேஜைகளை ஒரு சுற்று நோட்டம் விட்டார். எந்தத் தட்டு காலியாகத் திரும்புகிறது, எது பாதியோடு நிற்கிறது, எந்தக் கிண்ணத்தை ஒரு சின்னப் பெண் நக்கிக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்து, அதையெல்லாம் ஆர்டர் செய்தார். முதல் கரண்டியை வாயில் வைத்து, கண்ணை மூடி, மூன்று எண்ணினார். வாயில் ஈரப்பஞ்சு மாதிரி ஏதோ இருந்தது.

"அவசரப்படாத சமையல்" என்றார்.

"அடடா!" என்று மெக்கானிக் தொடையில் தட்டிக்கொண்டார். "என்ன மாதிரி சொல்றாரு பாருங்க! அவசரப்படாத சமையல்!"

வாத்தியாருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. நாக்கு இல்லாமலேயே இவ்வளவு என்றால், இத்தனை நாள் அது எதற்குத் தண்டமாக இருந்தது என்று தோன்றியது.

இரண்டாவது புதன்கிழமை சூப் வந்தது.

அது தையல் மெஷின் விற்கும் கடைக்கு மேல், மாடியில் இருந்த ஓட்டல். கீழே மெஷின் ஓட ஓட மேஜையில் தண்ணீர் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. நாலு வெள்ளைக் கிண்ணத்தில் ஆவி பறக்கக் காய்கறி சூப்பை வைத்துவிட்டுப் போனார்கள். வாத்தியார் ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சினார். கண்ணை மூடினார். ஒன்று, இரண்டு, மூன்று.

"உப்பு கச்சிதம்" என்றார்.

சமையலறைப் பக்கமிருந்து கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்த மேனேஜர் அந்த வார்த்தையைக் கேட்டு, ஆணி அடித்ததுபோல் நின்றார். வாத்தியாரைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், மறுபடி வாத்தியாரைப் பார்த்தார். பிறகு ஓசைப்படாமல் பின்பக்கமாகவே நடந்து உள்ளே போய்விட்டார். தன் பேரைக் கேள்விப்பட்டு மரியாதை செய்ய வந்தவர், கூச்சத்தில் திரும்பிவிட்டார் என்று வாத்தியார் எடுத்துக்கொண்டார்.

மற்ற மூன்று கரண்டிகளும் வாய்க்குப் போயின.

"ஆமா..." என்றார் டாக்டரம்மா, இழுத்தாற்போல். "கச்சிதம்."

"ஒரு மாதிரி ஆழமா இருக்குல்ல?" என்றார் மீட்டர்காரர்.

மெக்கானிக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். சட்டைக் கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது வாயும் குடித்தார். அதன்பிறகு அன்று முழுவதும் அவர் பேசவில்லை, ஆனால் கிண்ணத்தைக் காலி செய்தார். அவர் இலாகா ஆயிற்றே.

மூன்றாவது புதன்கிழமை மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையும், கிரீஸ் இல்லாத நகமுமாக வந்தார். கருவிப் பையைக் காணோம்.

"என்ன லிஃப்ட்டு, போட்டோ பிடிக்கப் போறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"ஆபீஸ் வேலைக்கு மாத்திக்கிட்டேன் டாக்டரம்மா. புகார் டெஸ்க். லிஃப்ட் நின்னுடுச்சுன்னு போன் பண்றவங்க பேரை எழுதிக்கற வேலை."

"பதினாறு வருஷமா மேல ஏறின ஆளு நீங்க. யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றார் மீட்டர்காரர்.

"யாரும் சொல்லல. நானே எழுதிக் குடுத்துட்டேன்." மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் அந்த சூப்பு. உங்களுக்கெல்லாம் உப்பு கச்சிதமா இருந்துச்சுல்ல? எனக்கு இனிச்சுது."

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"லேசா இல்ல. ஜாமைக் கரைச்சு ஊத்தின மாதிரி. மூணு வாய் குடிச்சுப் பார்த்தேன், மூணும் இனிப்பு. எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல நாக்கு குழம்புச்சு, அப்புறம் கை நடுங்குச்சு, அப்புறம் ஆளையே அடையாளம் தெரியல. நரம்புக் கோளாறு இருக்கறவன் பதினெட்டாவது மாடியில கயித்தைப் பிடிச்சுத் தொங்கலாமா? கீழ பெட்டிக்குள்ள ஒரு குடும்பமே நிக்கும். என் கை ஒரு நொடி தப்பா முடிவெடுத்தா? அடுத்த வியாழக்கிழமை தலைக்கு ஸ்கேன்."

வாத்தியாருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ருசி தெரியாத நாக்குக்குக்கூட அந்தப் புளிப்பு தெரிந்ததுபோல் இருந்தது.

டாக்டரம்மா கைபேசியின் விளக்கைப் போட்டு, "நாக்கை நீட்டுங்க" என்றார். மெக்கானிக் நீட்டினார். சரியாக அந்த நேரத்தில் ஆர்டர் எடுக்க வந்த பெண், நீட்டியிருந்த நாக்கையும் விளக்கையும் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினாள். "நிறமெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தவர், வாத்தியாரை ஒரு தரம் பார்த்துவிட்டு அதை விழுங்கினார். மீட்டர்காரர் தண்ணீர்க் கிளாசுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே" என்றார் மெக்கானிக். "நீங்க சொல்லுங்க. உங்க நாக்கு பொய் சொல்லாது. அந்த சூப்பு இனிச்சுதா?"

இதைவிட நல்ல வாய்ப்பு எந்தக் கோழைக்கும் கிடைக்காது. வாத்தியார் வாயைத் திறந்தார். ஆறு வருடமாகச் சுமந்த ருசிப் பட்டத்தை இறக்கி வைக்க மனம் வரவில்லை. "ஒவ்வொருத்தர் நாக்கும் ஒவ்வொரு மாதிரி" என்றார்.

மெக்கானிக் தலையை ஆட்டினார். "அப்போ ஸ்கேன் பண்ணிப் பார்த்துடறதுதான் நல்லது."

அன்று சாப்பாடு மேஜையில் மிஞ்சியது. ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மீதியைக் கட்டித் தரட்டுமா என்று அந்தப் பெண் கேட்டபோது, யாருக்கு என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவர் வேலையையே விட்டுட்டாரு. நீங்க பட்டத்தை விட மாட்டேங்கறீங்க" என்று மட்டும் சொல்லி, அடுத்த சட்டையை எடுத்தாள். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

வியாழன், வெள்ளி, சனி எல்லாம் தைரியத்தைத் திரட்டுவதில் போயின. ஞாயிறு, திரட்டிய தைரியம் ஓய்வெடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை மாலை மெக்கானிக்கின் கைபேசிக்கு அடித்தார். புது வேலையில் கைபேசியைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்களாம், அணைந்திருந்தது. வேறு வழியில்லை. லிஃப்ட் கம்பெனியின் புகார் எண்ணை அழுத்தினார்.

அப்போது அவர் வண்டியில் இருந்தார். ஓட்டிக்கொண்டிருந்தது, பேக்கரி நடத்தும் ஓர் அம்மா. ஒன்பது மாதமாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஓரமாக நிறுத்தச் சொல்லி, "அஞ்சு நிமிஷம்மா, அப்புறம் கிளம்பலாம்" என்று சொல்லிவிட்டு, வாத்தியார் போனைக் காதில் வைத்தார்.

"வணக்கம். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. உங்கள் லிஃப்ட்டில் என்ன கோளாறு?" பாடப் புத்தகம் வாசிக்கிற மாதிரி, ஆனால் மெக்கானிக்கின் குரல்தான்.

"லிஃப்ட்டு, நான்தான்."

"வாத்தியாரே!" குரல் கிசுகிசுப்பாகியது. "இந்த லைன்ல சொந்தப் பேச்சு கூடாது. சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னாடியே நிக்கறாங்க." பிறகு உரக்க, "எந்தக் கட்டிடம்னு சொல்லுங்க சார்."

"கட்டிடம்... நான்தான் கட்டிடம்னு வச்சுக்கோங்க."

"எத்தனை வருஷப் பழசு சார்?"

"ஐம்பத்தொண்ணு."

"எந்த மாடியில பிரச்சினை?"

"மேல் மாடியில. வாய்ப் பக்கம். ஒரு மாசமா அங்க எதுவும் ஓடல. உப்பு, உறைப்பு, இனிப்பு ஒண்ணும் தெரியல. ஒரு ஜலதோஷம் வந்துச்சு, அதோட எல்லாம் நின்னுடுச்சு."

மறுமுனையில் பேனா கீழே விழும் சத்தம் கேட்டது.

"எப்போலேர்ந்து?" இது புகார் டெஸ்க்கின் குரல் இல்லை.

"ஒரு மாசமா. அந்த சூப்பும் வெந்நீரும் எனக்கு ஒண்ணுதான் லிஃப்ட்டு."

"அப்போ உப்பு கச்சிதம்னு சொன்னது?"

"அடிச்சு விட்டேன்."

பக்கத்து சீட்டில் பேக்கரி அம்மா, "ஐயோ" என்றார்.

"உங்க நாக்குக்கு ஒண்ணுமில்ல" என்றார் வாத்தியார், நிறுத்தினால் மறுபடி வராது என்ற பயத்தில் வேகமாக. "சூப்பு நிஜமாவே இனிச்சிருக்கும். உப்புக்குப் பதிலா சர்க்கரையைக் கொட்டியிருப்பாங்க. அந்த மேனேஜர் அதைச் சொல்லத்தான் ஓடி வந்திருக்காரு, நான் புகழ்ந்ததைக் கேட்டு நழுவிட்டாரு. உங்க நரம்பு, கை, மூளை எல்லாம் நல்லா இருக்கு. மூளையைப் பத்தி முன்னாடி நான் என்ன சொல்லியிருந்தாலும் வாபஸ். போய் லிஃப்ட் மேல ஏறுங்க. கெட்டுப் போனது நான்தான்."

வாத்தியார் ஒரு திட்டுக்காகக் காத்திருந்தார், எந்தத் திட்டாக இருந்தாலும் சரி.

"உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்றது குரல், மரக்கட்டை மாதிரி. "நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆள் வரும். அதுவரை உபயோகிக்க வேண்டாம்." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வாத்தியார் போனை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே வெறித்துப் பார்த்தார். பேக்கரி அம்மா கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"சார், அதான் சொல்லிட்டீங்கல்ல. இப்போ பிரேக்லேர்ந்து காலை எடுங்க. நான் நாலு நிமிஷமா ஆக்ஸிலேட்டரை மிதிக்கறேன், வண்டி கத்துதே தவிர நகர மாட்டேங்குது."

புதன்கிழமை மீட்டர்காரர் குறித்துக் கொடுத்திருந்தது, சலவைக்கடைக்குப் பக்கத்தில் ஆறே மேஜை உள்ள ஓட்டல். வாத்தியார் பன்னிரண்டு நாற்பதுக்கே போய், நாலு பேர் மேஜையில் உட்கார்ந்தார். மெனு கார்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் அதைத் தொடவில்லை. ஒரு மணி ஆயிற்று. ஒன்று ஐந்து. வாசலில் பசியோடு நின்ற ஒரு குடும்பம், நாலு நாற்காலிக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்த அவரை முறைத்தது. எழுந்துவிடலாமா என்று அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளியபோது டாக்டரம்மா புயல் மாதிரி உள்ளே வந்தார், பின்னால் மீட்டர்காரர். இரண்டு பேருக்கும் மெக்கானிக் எல்லாம் சொல்லியிருந்தார் போல.

"எனக்கும் இனிச்சுது சார்!" வந்ததும் வராததுமாக டாக்டரம்மா வெடித்தார். "காலையில ரெண்டு பேருக்குக் கிராம்பு எண்ணெய் வச்சேன். விரல்ல ஒட்டியிருக்கும், அதான் ருசி மாறித் தெரியுதுன்னு நினைச்சேன். கைகழுவி கைகழுவி என் விரலைத்தான் சந்தேகப்பட்டேனே தவிர, உங்களைச் சந்தேகப்படல!"

"நானு, உசத்தியான சூப்புன்னா அப்படித்தான் இருக்கும் போலன்னு நினைச்சுட்டேன்" என்றார் மீட்டர்காரர், பரிதாபமாக. "வீட்டுல போய்ச் சொன்னேன், பொண்டாட்டியும் சர்க்கரை போட்டு வச்சா. பத்து நாளா குடிக்கறோம் வாத்தியாரே. பசங்க என்னை ஒரு மாதிரி பார்க்குதுங்க."

"மன்னிச்சுடுங்க" என்றார் வாத்தியார். ஐந்தாறு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த நீண்ட பேச்சில் அந்த ஒரு வார்த்தைதான் கைக்கு அகப்பட்டது.

ஒன்று இருபதுக்கு மெக்கானிக் வந்தார். கருவிப் பை தோளில், கிரீஸ் முழங்கை வரை. பையைப் பொத்தென்று தரையில் போட்டார். உட்கார்ந்தார். வாத்தியாரைப் பார்க்காமல், மெனு கார்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"லிஃப்ட்டு..."

"பேசாதீங்க." மெக்கானிக் கார்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், திருப்பிக்கொண்டார். "ரெண்டு வாரமா ராத்திரி தூங்கல. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு என் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன் தெரியுமா? பன்னிரண்டு வயசு அதுக்கு. 'எதுக்குப்பா இப்போ இதெல்லாம்'னு கேட்டுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியாம ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன்."

வாத்தியார் கண்ணைத் தாழ்த்தினார். சொல்ல அவரிடம் ஒரு நியாயமும் இல்லை, இருந்தது ஒரு பயம் மட்டும்தான். அதையே சொன்னார்.

"நாக்கும் போயிடுச்சுன்னா, என்னை எதுக்கு நீங்க கூப்பிடணும்னு நினைச்சுட்டேன்."

மெக்கானிக் கார்டுக்கு மேலே கண்ணை உயர்த்தினார். "வாத்தியாரே, ஒரு உண்மையைச் சொல்லட்டா? நீங்க ஆர்டர் பண்றதுல பாதி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

"என்னது? தட்டைக் காலி பண்ணுவீங்களே!"

"பசிக்கும்."

"எனக்கு மீனே பிடிக்காது சார்" என்றார் டாக்டரம்மா.

"ஆறு வருஷமா வாராவாரம் மீன் சொல்லியிருக்கேனே!"

"வாராவாரம் மீட்டர் தட்டுக்குத் தள்ளியிருக்கேனே."

"எனக்கு பீட்ரூட்டைக் கண்டா ஆகாது" என்றார் மீட்டர்காரர், நெஞ்சிலிருந்து பெரிய பாரத்தை இறக்குகிறவர்போல். "அதை நான் லிஃப்ட்டுக்குத் தள்ளிடுவேன்."

வாத்தியாருக்கு ஒரே நேரத்தில் யாரோ கன்னத்தில் அறைந்து, அதே கையால் தடவிக் கொடுத்ததுபோல் இருந்தது. ஆறு வருடம், முந்நூறு புதன்கிழமை, மேஜைக்கடியில் ஒரு தனிப் போக்குவரத்தே நடந்திருக்கிறது. பக்கத்து சீட்டு ஆசாமிக்குத் தெரியவே இல்லை.

"அப்போ எதுக்கு வந்தீங்க?" என்றார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி அவர்கள் யோசித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மெக்கானிக் பதில் சொல்ல வாயைத் திறந்து, சிரமப்பட்டு, கைவிட்டு, கையை உயர்த்தி ஓட்டல்காரரைக் கூப்பிட்டார்.

ஆர்டர் செய்யும் கலை அவருக்குக் கைவரவில்லை. கார்டில் விரல் பட்ட இடத்தையெல்லாம் வாசித்தார். டாக்டரம்மா குறுக்கே புகுந்து நாலு சேர்த்தார், மீட்டர்காரர் இரண்டை நீக்கினார், நீக்கியது தவறு என்று மறுபடி சேர்த்தார். முடிவில் வந்து சேர்ந்தது ஐந்து தட்டு வறுத்த உருளைக்கிழங்கு, ஒரு சோறு, சிவப்பாக ஒரு கோழிக்கறி, கேட்காத ஓர் எலுமிச்சை ரசம்.

எல்லாம் வந்து மேஜை நிறைந்த பிறகு, பழக்க தோஷத்தில் மூன்று கரண்டிகளும் அந்தரத்தில் நின்றன. மூவரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். வாத்தியார் தட்டைப் பார்த்தார்.

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, சோற்றில் கறியைப் பிசைந்து ஒரு வாய் போட்டார். கண்ணை மூடினார். மூன்று எண்ணினார். நாலு, ஐந்தும் எண்ணினார்.

"சூடா இருக்கு" என்றார்.

"ருசியைச் சொல்லுங்க லிஃப்ட்டு!" என்றார் டாக்டரம்மா.

"சூடு போனாத்தானே தெரியும்?" இன்னொரு வாய் போட்டார். நெற்றியைச் சுருக்கினார். "உறைக்குது வாத்தியாரே. ஆனா எடுத்த எடுப்புல இல்ல. மொதல்ல சும்மா இருக்கு, யாரும் இல்லாத மாதிரி. ரெண்டு நொடி கழிச்சு, காதுக்குப் பின்னாடி வந்து நிக்குது. இப்போ வியர்க்குது. இருங்க, இன்னொரு வாய் போட்டுட்டுச் சொல்றேன்."

"காதுக்குப் பின்னாடியா? எனக்கு முன்பல்லுக்கிட்டயே பிடிச்சுக்குதே" என்றார் டாக்டரம்மா. "உறைப்பைவிடப் புளிப்புதான் ஜாஸ்தி. உங்களுக்குப் பல்லு கூசும் சார், அந்தப் பக்கமா மெல்லாதீங்க."

"புளிப்பா? இதுலயா? லேசா இனிக்குது" என்றார் மீட்டர்காரர்.

"யோவ், உங்களுது பத்து நாளா சர்க்கரை சூப்பு குடிச்ச வாய். உங்க சாட்சி செல்லாது!" என்றார் மெக்கானிக்.

"எது செல்லாது? நானும் நாக்கோடதான் வந்திருக்கேன்!"

வாத்தியார் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். வழக்கமான ஈரப்பஞ்சுதான். ஆனால் மெக்கானிக் சொன்னதை நினைத்து இரண்டு நொடி காத்திருந்து, காதுக்குப் பின்னால் கவனித்துப் பார்த்தார். அங்கே ஒன்றும் வந்து நிற்கவில்லை. இருந்தாலும் இன்னொரு வாய் போட்டுக்கொண்டார்.

சத்தம் கேட்டு ஓட்டல்காரர் பதறிப்போய் வந்தார். மூன்று பேர் கரண்டியை ஆட்டிச் சண்டை போடுவதையும், ஒருவர் மட்டும் வாய் நிறையச் சோற்றுடன் அமைதியாக உட்கார்ந்திருப்பதையும் பார்த்து, பேசக்கூடிய ஆள் இவர்தான் என்று வாத்தியார் பக்கம் குனிந்தார்.

"சாப்பாடு எப்படி இருக்கு சார்?"

வாத்தியார் நிதானமாக மென்று விழுங்கினார்.

"இன்னும் முடிவாகல" என்றார். "இன்னொரு தட்டு கொண்டு வாங்க."